கப்பலில் போட்ட கணக்கு

சர் சி.வி. இராமனைப் பற்றி வகுப்பில் பேசும் நாம், அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகரை மறந்துவிடுகிறோம். ஆசிரியர்களுக்கு வேண்டிய கதை அவருடையதே என்பேன்.

1930இல் பம்பாயிலிருந்து கப்பலேறியபோது அவருக்கு வயது 19. அணுவுக்குள் பிறந்த குவாண்டம் கோட்பாட்டோடு சார்பியலை இணைத்து, விண்மீனின் முடிவையே கணக்கிட்டார். எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் அடைபட மறுப்பதால் எழும் அழுத்தம் வெண்குறுமீனைத் தாங்குகிறது. நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால் தாங்காது.

1935இல் இலண்டனில் எடிங்டன் இதனை அவையிலேயே எள்ளினார். இயற்கை அவ்வாறு நடக்க விடாது என்பதே அவர் வாதம். நோபல் பரிசு வந்ததோ 1983இல்!

சென்ற வாரம் மாணவன் ஒருவன் வேறு வழியில் செய்த கணக்கைப் படிக்காமலே சிவப்பு மையால் அடித்தேன். விடை சரிதான். நாளை அவனையே கரும்பலகைக்கு அழைக்கப் போகிறேன்.