செல்போன் உடைந்தால் எங்கே போவது?

சித்தூர், திருப்பதி, ரேணிகுண்டா பகுதிகளில் ஓட்டல், லாட்ஜ், கட்டட வேலை, கடைக் கணக்கு என்று பிழைப்புக்கு வந்திருக்கும் தமிழர்களுக்கு இன்று செல்போன்தான் பாஸ்புக், அதுதான் மணியார்டர். சம்பளம் அதில் வருகிறது. ஊரில் இருக்கும் பெற்றோருக்குப் பணம் அதில் போகிறது. பிராவிடண்ட் பண்டு கணக்கைப் பார்க்க வேண்டுமானாலும், பாங்கி அனுப்பும் ரகசிய எண்ணைப் படிக்க வேண்டுமானாலும் அது கையில் இருக்க வேண்டும். அது கீழே விழுந்து கண்ணாடி நொறுங்கினால் அன்றாடக் காரியங்கள் அத்தனையும் நின்றுபோகின்றன.

அப்போது எழும் கேள்வி ஒன்றுதான். கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்குப் போவதா, பஸ் ஸ்டாண்டு அருகில் இருக்கும் ரிப்பேர் கடைக்குப் போவதா? "சென்டரில் கொள்ளை" என்பார் ஒருவர். "தெருக் கடையில் டூப்ளிகேட்" என்பார் இன்னொருவர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டையும் முழு உண்மையாக நம்பினால் நஷ்டம் நமக்கே.

கம்பெனி சென்டர்

போன் வாங்கி ஓர் ஆண்டு ஆகவில்லை, தானாகவே பழுதாகிவிட்டது என்றால் யோசனைக்கே இடமில்லை. வாரண்டி இருக்கிறது, சென்டருக்குத்தான் போக வேண்டும். வேறு இடத்தில் பிரித்துவிட்டால் கம்பெனி கையை விரித்துவிடும்.

ஆனால் நம்மவர்களில் பலர் அறியாத விஷயம் ஒன்று உண்டு. கீழே விழுந்து உடைந்ததும், தண்ணீரில் நனைந்ததும் சாதாரண வாரண்டியில் சேராது. தண்ணீர் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுத்தாள் பல போன்களுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, "காசு கட்ட வேண்டும்" என்று சொல்லிவிடுவார்கள். வாரண்டிக் காலத்திலும் உடைந்த கண்ணாடிக்கு நாமே பணம் கட்டுகிறோம். அப்படியிருந்தும் சென்டரில் கட்டுவதே நல்லது. மீதமுள்ள மாதங்களுக்கு வாரண்டி கெடாமல் இருக்கும்.

சென்டரில் அசல் பாகம் கிடைக்கும், ஜாப் ஷீட் கிடைக்கும், ஜி.எஸ்.டி. போட்ட பில் கிடைக்கும். குறைகளும் இல்லாமல் இல்லை. சிறு பழுதுக்கும் முழு போர்டையே மாற்றச் சொல்வதுண்டு. பாகம் வரவில்லை என்று நாள் கடத்துவதுண்டு. போனில் உள்ளதையெல்லாம் அழித்துவிட்டுக் கொடுப்பதும் உண்டு. எல்லாக் கம்பெனிகளுக்கும் சித்தூரில் சென்டர் இல்லை. திருப்பதிக்கோ வேலூருக்கோ போக வேண்டுமானால் தினக்கூலிக்காரருக்கு ஒரு நாள் வேலை போகிறது. பஸ் சார்ஜும் சேர்கிறது. இந்தச் செலவை எந்த எஸ்டிமேட்டிலும் எழுதுவதில்லை.

தெருக் கடை

நிற்க. தெருக் கடைக்காரரை இளக்காரமாகப் பேசுவது சரியல்ல. சென்டர் தூக்கிப் போடச் சொன்ன போர்டை, லென்ஸ் வைத்துப் பார்த்து, பழுதான ஒரு சிறு பாகத்தை மட்டும் மாற்றி உயிர் கொடுக்கும் கைத்தேர்ச்சி பல கடைக்காரர்களிடம் இருக்கிறது. கண் முன்னே பிரித்து, பெரும்பாலும் அன்றே கொடுக்கிறார். கூலியும் குறைவு.

அவருக்குள்ள சங்கடம் பாகத்தில் இருக்கிறது. பல கம்பெனிகள் வெளிக்கடைகளுக்கு அசல் பாகம் தருவதில்லை. ஆகவே சென்னை ரிச்சி தெரு போன்ற மொத்தச் சந்தைகளில் கிடைப்பதை அவர் வாங்குகிறார். அதில் நல்லதும் உண்டு, மட்டமும் உண்டு. மட்டமான டிஸ்பிளே போட்டால் நிறம் மங்கும். விரல் ரேகை வேலை செய்யாமல் போகலாம். மட்டமான பாட்டரியோ ஆபத்து. உப்பும், சூடாகும், தீப்பிடிக்கவும் கூடும்.

என் கணக்கு இதுதான். வாரண்டி முடிந்த போனில் கண்ணாடி, சார்ஜ் ஏறும் துவாரம், ஸ்பீக்கர் போன்ற வேலைகளுக்கு நல்ல பெயருள்ள வெளிக்கடை போதும். பாட்டரிக்கு, கூடுமானவரை சென்டர். போர்டு வேலைக்கு இரண்டு இடத்திலும் விலை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். எஸ்டிமேட் போனின் இன்றைய மதிப்பில் பாதியைத் தாண்டினால், ரிப்பேர் வேண்டுமா என்றே யோசிக்க வேண்டும். நனைந்த போனை உடனே அணைத்துவிட வேண்டும், சார்ஜரில் போடக்கூடாது.

ரசீது எங்கே?

எங்கே கொடுத்தாலும் நாம் செய்யும் பெரிய தவறு, எழுத்தில் எதுவும் வாங்காமல் கொடுப்பது. ரயில்வே பார்சல் ஆபீசில் ரசீது இல்லாமல் ஒரு மூட்டையைக்கூட யாரும் விட்டுச் செல்வதில்லை. பதினைந்தாயிரம் ரூபாய் போனை மட்டும், "சாயங்காலம் வாங்க அண்ணா" என்ற ஒரு வார்த்தையை நம்பிக் கொடுத்துவிட்டு வருகிறோம்!

பில் கேட்பது உரிமை. 2020 ஜூலை 20 முதல் அமலில் இருக்கும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலைக்கு பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களை மற்றவருக்கு வெளியிடுவதும், சட்டம் அனுமதிக்கும் காரணம் இல்லாவிட்டால், அப்படியே. பில்லில் என்ன பாகம் போட்டார்கள், அசலா அல்லவா, எத்தனை நாள் பொறுப்பு என்று எழுதி வாங்க வேண்டும். சென்டரில் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது. படிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரை அழைத்துச் செல்லட்டும். நம்மில் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள் இந்தச் சிறு உதவிக்குத் தயங்கலாகாது.

கொடுப்பதற்கு முன் *#06# என்று அழுத்தி வரும் 15 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிடுங்கள். படங்களை வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். பணம் அனுப்பும் ஆப்களிலிருந்து வெளியேறிவிடுங்கள். ரகசியப் பூட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால், பக்கத்திலேயே நின்று வேலையை முடித்து வாங்குங்கள். சென்டரின் போன் நம்பரை இன்டர்நெட்டில் கண்ட இடத்தில் தேடாதீர்கள். மோசடிக்காரர்களின் நம்பர்களும் அங்கே உலவுகின்றன. கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலோ வாரண்டி அட்டையிலோ உள்ளதே சரி.

தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வேலூரில் வாங்கிய போனானாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இந்த வசதி வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்குப் பெரிய துணை.

கம்பெனிகள் செய்ய வேண்டியது

2015ல் ஸ்ரீசிட்டியில் உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் ஷியோமி போன்கள் தயாராகத் தொடங்கின. அன்று சித்தூர் மாவட்டத்தில் இருந்த அந்த இடம், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. போன் செய்யும் ஆலை நம் வாசலில். அதற்கு ஓர் அசல் கண்ணாடி வேண்டுமென்றால் சித்தூர் கடைக்காரருக்குக் கிடைப்பது அரிது. இது என்ன நியாயம்?

மத்திய அரசு 2022 ஜூலையில் ரிப்பேர் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஒரு வெப்சைட்டும் தொடங்கப்பட்டது. எந்தப் போனைச் சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மதிப்பெண் இடும் யோசனையை ஆராய்ந்த குழுவும் 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. ஐரோப்பிய யூனியன் நாடுகளிலோ 2025 ஜூன் 20 முதல் புதிய விதி அமலுக்கு வந்துவிட்டது. ஒரு மாடல் விற்பனைக்கு வருவது நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது அது.

இங்கேயும் அப்படி வர வேண்டும். அசல் பாகங்களை நியாய விலையில் சிறு கடைகளுக்கும் விற்க வேண்டும். பாகங்களின் விலைப்பட்டியலை சென்டர் வாசலில் தெலுங்கிலும், எல்லை மாவட்டங்களில் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் சென்டரா, தெருக் கடையா என்ற குழப்பமே பாதி தீர்ந்துவிடும். கைத்தொழில் தெரிந்த இளைஞர்களுக்கும் பிழைப்பு நிலைக்கும்.

அதுவரை கடையின் போர்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பில்லைக் கேளுங்கள். தரத் தயங்குகிற இடம் எதுவானாலும், போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள். குழுக்கள் கொடுத்த அறிக்கைகள் பீரோவில் தூங்காமல் இருக்கச் சம்பந்தப்பட்டவர்கள் ஆவன செய்வார்களா?