ஞானத்தைக் கேட்டுப் பெறுவோம்

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் தோட்டமோ பட்டணமோ, எல்லாரும் கேட்பது "எத்தனை ஏ?" என்றுதான். மதிப்பெண் தேவைதான். ஆனால் எந்தத் துறையைத் தேர்வது, யாரோடு பழகுவது, பிடிபிடிஎன் கடனை எப்படிச் செலவிடுவது என்பதற்கெல்லாம் பல்கலைக்கழகப் பாடநூல்களில் நான் விடை காணவில்லை. அதற்கு ஞானம் வேண்டும். சாலொமோன் அரசர் கடவுளிடம் செல்வத்தைக் கேட்கவில்லை. நன்மை தீமையைப் பகுத்தறியும் உள்ளத்தையே கேட்டார்.

நம் மலாக்காவிலும் ஒரு சான்று உண்டு. பாரிஸ் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் கற்பித்த புனித சவேரியார், முத்துக்குளித்துறையில் தமிழறிந்தவர்களின் உதவியோடு செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்தார். 1545இல் மலாக்கா வந்தபோது மலாய் மொழியிலும் அவ்வாறே முயன்றார். ஆசிரியர் மாணவரானார், ஞானத்தின் தொடக்கம் அந்தப் பணிவுதான்.

இளையோரே, முடிவெடுக்கும் முன் செபத்தில் கேட்போம். பெற்றோர், பெரியோர் சொல்லுக்கும் செவிசாய்ப்போம்.