கல்லூரியிலும் பதிலித் தொழிலாளியா?

அரியலூர் சிமெண்ட் ஆலைகளில் வேலை செய்யும் தோழர்களுக்குக் காண்ட்ராக்ட் முறை என்றால் என்னவென்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே சூளை, ஒரே தூசி, ஒரே ஷிப்டு. ஆனால் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு சம்பளம், காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வேறு சம்பளம். பஞ்சாலைத் தோழர்களுக்குப் பதிலி முறை தெரியும். கேட்டில் காத்து நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வெறுங்கையோடு வீடு.

இதே முறை நம் பிள்ளைகள் படிக்கும் அரசுக் கல்லூரிக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அங்கே வைத்திருக்கும் பெயர் மட்டும் அழகானது: ‘கௌரவ விரிவுரையாளர்’!

அந்தக் கௌரவம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்போம். அரசுக் கல்லூரியில் புதிதாகச் சேரும் நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அடிப்படைச் சம்பளமே 57,700 ரூபாய். பஞ்சப்படி இதற்கு மேல். அதே படிப்புப் படித்து, அதே வகுப்பில் நின்று, அதே பாடத்தை நடத்தி, அதே விடைத்தாளைத் திருத்தும் கௌரவ விரிவுரையாளருக்கு 2024இல் கிடைத்தது 25,000 ரூபாய். அதுவும் 11 மாதத்திற்குத்தான். மே மாதம் கல்லூரிக்கு விடுமுறை. விரிவுரையாளர் வீட்டு அடுப்புக்கும் விடுமுறை! வீட்டு வாடகைக்காரனும் பால்காரனும் மே மாதத்தைக் கழித்துக்கொண்டா கணக்குப் போடுகிறார்கள்?

இவர்கள் எங்கோ நாலு பேர் அல்ல. தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் மட்டும் இப்படி 7,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாக வகுப்பெடுத்தும் நாளை வேலை உண்டா என்று தெரியாதவர்கள் இவர்களில் ஏராளம்.

“எங்களுக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் ஏது? படித்தவர்கள் பாடு அவர்களுக்கு, நமக்கென்ன?” என்று சில தோழர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. களையெடுக்கும் பெண்ணின் கூலி இதைவிடக் குறைவு என்பது உண்மை. அந்தக் கூலியை உயர்த்தவே நாம் போராடுகிறோம். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். குரும்பலூரிலும் வேப்பந்தட்டையிலும், அரியலூரிலும் ஜெயங்கொண்டத்திலும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கு யார் வீட்டுப் பிள்ளைகள் போகிறார்கள்? பணக்காரன் பிள்ளை திருச்சிக்கும் சென்னைக்கும் போய்விடுகிறான். பருத்தி எடுப்பவர், வெங்காயம் அறுப்பவர், முந்திரி பொறுக்குபவர், தறி நெய்பவர் பிள்ளைகள்தாம் இங்கே படிக்கிறார்கள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் அவர்கள். சந்தேகம் கேட்க வீட்டில் ஆளில்லை. வாத்தியார் ஒருவர்தான் துணை. அந்த வாத்தியாரே மாலையில் டியூஷனுக்கும் கடைக் கணக்கெழுதவும் ஓடினால், நட்டம் யாருக்கு? நம் பிள்ளைக்குத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தொழில் நிறுவனத்தில் 24 மாதத்திற்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இல் ஒரு சட்டம் வந்தது. முதலாளிகள் அதை எப்படி ஏய்க்கிறார்கள் என்பது வேறு கதை. காட்டி வாதாட ஒரு காகிதமாவது நம் கையில் இருக்கிறது. கல்லூரி ஆசிரியருக்கு அந்தக் காகிதமும் இல்லை. தொழில் தகராறுச் சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ அல்ல என்று 1988இல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கூலி கொடுக்கும்போது கூலியாள்; உரிமை கேட்கும்போது தொழிலாளி அல்ல!

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதி, ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்த இடங்களில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும், அவர்கள் சம்பளம் நிரந்தர உதவிப் பேராசிரியர் பெறும் மொத்தச் சம்பளத்திற்குக் குறையக்கூடாது என்றும் கூறுகிறது. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 ரூபாய் வரை என்று அதே குழு 2019இல் நிர்ணயித்தது. அதில் பாதியைக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசுகிறார்கள் மாநிலத்தில். டில்லிக்காரர்களோ, 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவு விதியில் அந்த 10 சதவீத வரம்பையே எடுத்துவிட முனைந்தார்கள். இரண்டு பக்கமும் இடி!

குஜராத்தில் அரசுப் பொறியியல் கல்லூரிகளில் மாதம் 30,000 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் உழைத்த உதவிப் பேராசிரியர்கள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். உதவிப் பேராசிரியருக்குரிய குறைந்தபட்சச் சம்பளத்தை அவர்களுக்குக் கொடு, பாக்கியை 8 சதவீத வட்டியோடு கொடு என்று 2025 ஆகஸ்டு 22இல் தீர்ப்பு வந்தது. குஜராத்தில் நியாயமானது பெரம்பலூரில் அநியாயமாகிவிடுமா?

இதில் இன்னொரு சூழ்ச்சியும் நடக்கிறது. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் நடக்க வேண்டிய தேர்வு தள்ளிப்போயிற்று. 2025 அக்டோபரில் வந்த புதிய அறிவிப்பில் இடங்கள் 2,708 ஆகச் சுருங்கின. பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் நிற்கும் இளைஞர் ஒரு பக்கம்; ஆண்டுக்கணக்கில் குறைகூலிக்கு உழைத்தவர் மறுபக்கம். ஒரு ரொட்டியை நடுவில் போட்டுவிட்டு இருவரையும் மோத விடுகிறார்கள். வேலைநிறுத்தக் காலத்தில் கேட்டுக்கு வெளியே பட்டினி கிடப்பவனை உள்ளே இருப்பவனுக்கு எதிராக ஏவிவிடும் ஆலை முதலாளியின் பழைய தந்திரம் இது! இளைஞருக்கு விரிவுரையாளர் எதிரியல்ல. விரிவுரையாளருக்கு இளைஞர் எதிரியல்ல. காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருப்பவர்களே இருவருக்கும் எதிரி.

ஒற்றுமை என்ன செய்யும் என்பதற்கு ஒரு செய்தி. நியூயார்க்கில் நியூ ஸ்கூல் என்ற பல்கலைக்கழகத்தில் பத்து ஆசிரியரில் எட்டுப் பேருக்கு மேல் பகுதிநேர ஆசிரியர்கள். 2022 நவம்பர் 16இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று வாரத்திற்கு மேல் உறுதியாக நின்றார்கள். சம்பள உயர்வும், வகுப்புக்கு வெளியே செய்யும் வேலைக்கும் ஊதியமும் பெற்றார்கள். அவர்கள் எந்தச் சங்கத்தில் இருக்கிறார்கள் தெரியுமா? மோட்டார் தொழிலாளர் சங்கத்தில்! அங்கே கார் செய்யும் கையும் பாடம் நடத்தும் கையும் ஒரே சங்கத்தின் சந்தா ரசீதை வாங்குகின்றன.

நமது கோரிக்கைகள் நான்கு. நிரந்தரமாகும்வரை, குறைந்தபட்சம் உதவிப் பேராசிரியரின் தொடக்கச் சம்பளம் கொடு! பன்னிரண்டு மாதமும் தவறாமல் கொடு! சேமநல நிதியும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பும் கொடு! காலியிடங்கள் முழுவதையும் நிரப்பு. உழைத்த ஆண்டுகளுக்கு மதிப்புக் கொடு!

தோழர்களே! ஆலைச் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் இதை ஆதரித்துத் தீர்மானம் போட்டு உயர்கல்வி அமைச்சருக்கு அனுப்புங்கள். பெற்றோர் என்ற முறையில் கல்லூரி முதல்வரைப் பாருங்கள். கௌரவ விரிவுரையாளர்கள் வாயிலில் உட்காரும் நாளில், நம் பிள்ளையின் வாத்தியார் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது. பக்கத்தில் நாமும் உட்காருவோம்!