இந்தக் கல்லுக்கும் படிப்பு உண்டு

சென்ற மாதம் திருச்செங்கோட்டை அடுத்த ஓர் அரசுப் பள்ளிக்கு, துளையிட்டு எடுத்த பாறைத் துண்டுகளை அடுக்கிய கோர் பாக்ஸ் ஒன்றோடு போயிருந்தேன். முதல் வரிசையில் கிடந்த நொறுங்கிய துண்டுகளை நிமிண்டிப் பார்த்த பத்தாம் வகுப்பு மாணவி, “இது உடைசல் சார். இது வரைக்கும் கேசிங் இறக்கணும்” என்றாள். பாறை எவ்வளவு உடைந்திருக்கிறது என்று நாம் ஆர்க்யூடி கணக்குப் போட்டு எழுதுவதை ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அப்பாவுக்கு ரிக் வண்டியில் வேலையாம். என்ன படிக்கப்போகிறாய் என்றேன். நர்ஸிங் என்றாள். இந்தக் கல்லைப் பற்றியே படிக்கலாமே என்றதற்கு, “அதுக்குக்கூடப் படிப்பு இருக்கா சார்?” என்றாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. பள்ளிப் பாடநூலில் புவியியல் என்றால் ஜியாகிரபி. அரசின் புவியியல் மற்றும் சுரங்கத் துறையில் அதே சொல்லுக்கு ஜியாலஜி என்று பொருள். கல்லூரிகளில் நிலவியல், புவி அமைப்பியல் என்று வேறு பெயர்கள். பெயரே நிலைக்காத படிப்பில் எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்? நம்மில் பலர் கேட்ட பாடம் கிடைக்காமல் இங்கே வந்தவர்கள். நானும் அப்படித்தான்.

நிலத்தை அறிந்தவர்களோ வெளியே நிற்கிறார்கள். சுக்கான் எங்கே முடிந்து கரும்பாறை எங்கே தொடங்குகிறது என்பதைக் கிணறு வெட்டுபவர் கடப்பாரைச் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அவருடைய பிள்ளை நம் ஆய்வுக்கூடத்தில் இருந்தால், பெரும்பாலும் மாதிரி மூட்டையைச் சுமப்பவராகத்தான் இருக்கிறார்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். நிலத்தடிச் சுரங்கத்தில் அவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம். தொழில்நுட்ப, மேற்பார்வை, நிர்வாகப் பணிகளுக்கு 2019-இல்தான் விலக்கு வந்தது. நம் தளங்கள் பலவற்றில் இன்னும் 1952-தான் நடக்கிறது. கழிப்பறை கிடையாது. பாதுகாப்புக் காலணி ஆண்களின் அளவில் மட்டும் வரும். இரவு ஷிப்டுக்கு அனுப்ப முடியாது என்று லாகிங் வேலையைப் பையன்களுக்கே கொடுப்போம்; பிறகு பதவி உயர்வு வரும்போது, ‘அந்தப் பெண்ணுக்குக் கள அனுபவம் போதாது’ என்று கைவிரிப்போம்.

பெண்களால் முடியும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2025 ஜூனில் செனாப் ரயில் பாலம் திறக்கப்பட்டது. ஆற்றிலிருந்து 359 மீட்டர் உயரம். அதன் மலைச்சரிவுகளை நிலைப்படுத்த 17 ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர், சென்னை ஐஐடியில் முனைவர் பட்டம் பெற்ற பெங்களூருப் பேராசிரியர் ஜி. மாதவி லதா. பாறையை வெட்ட வெட்ட வெளிப்பட்ட பிளவுகளைப் பார்த்து, வடிவமைப்பை அவ்வப்போது மாற்றிக்கொண்டே போன வேலை அது. கல்லைப் பார்த்ததும் ‘இது வரைக்கும் கேசிங்’ என்ற அந்தச் சிறுமியிடம் இருப்பதும் அந்தப் பழக்கத்தின் தொடக்கம்தான். ஒருவர் சாதித்துவிட்டார் என்று படத்தை மாட்டிவிட்டு நாம் ஓய்ந்துவிடக் கூடாது.

வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். பணி முடிந்ததும் கிடங்கில் மக்கும் கோர் பாக்ஸ்களில் ஒன்றை, உரியவரிடம் அனுமதி பெற்று, அருகிலுள்ள அரசுப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள். ஜியாலஜியில் எம்.எஸ்சி. முடித்தால் யுபிஎஸ்சியின் புவி அறிவியலாளர் தேர்வு எழுதி, 1851 முதல் இயங்கும் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் சேரலாம் என்று அங்குள்ள பிள்ளைகளிடம் சொல்லுங்கள். சிவில் படித்தால் 118.9 கிலோமீட்டர் சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம் போன்ற பணிகள் உண்டு என்பதையும் சொல்லுங்கள். அடுத்து, ஒப்பந்தப்புள்ளி தயாரிப்பவர்கள், ரிக் கொண்டுவரும் செலவுக்கு ஓர் இனம் எழுதுவதுபோலக் கழிப்பறைக்கும் ஓர் இனம் எழுதுங்கள். கடைசியாக, பயிற்சிக்கு வரும் மாணவருக்குப் பஸ் காசும் சாப்பாடும் கொடுங்கள். அது இல்லாததாலேயே பலர் நின்றுவிடுகிறார்கள்.

கொண்டுபோன பெட்டியை அந்தப் பள்ளியிலேயே விட்டு வந்தேன். போன வாரம் அறிவியல் ஆசிரியர் பேசினார். பிள்ளைகள் வீட்டுப் பக்கமிருந்து ஆளுக்கொரு கல் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்களாம். இன்னொரு பெட்டி கேட்கிறார்.

- ஆசிரியர்