கணினி விடை தரும். அதை நம்பலாமா என்று சொல்லாது

"அணிகளைப் பெருக்கக் கணினி இருக்கிறது, மாணவர் எதற்கு நேரியல் இயற்கணிதம் படிக்க வேண்டும்?" இயந்திரக் கற்றலை முதலாண்டிலேயே புகுத்தத் துடிக்கும் துறைகளில் இக்கேள்வி ஒரு வாதமாகவே உலவுகிறது. இது வாதமன்று, சோம்பலுக்குச் சூட்டிய நாகரிகப் பெயர்.

எளிய சோதனை ஒன்று. இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 2. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் 1.001 மடங்கைக் கூட்டினாலும் 2. எனவே அவ்வெண்கள் 2, 0. இப்போது இரண்டாவது தொகையை மட்டும் 2.001 என்று மாற்றுவோம். எண்கள் 1, 1 ஆகிவிடுகின்றன. தரவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு பிழை, விடையோ தலைகீழ். கணினி இரு விடைகளையும் ஒரே உறுதியோடுதான் அச்சிடும். இரு சமன்பாடுகளும் ஏறத்தாழ இணையான கோடுகள், ஆகவே விடை நம்பத்தக்கதன்று என்று காண்பது மனிதரின் வேலை. நூறு மாறிகள் உள்ள தரவில் கோடு வரைந்து பார்க்க இயலாது. அங்கே வெக்டர் வெளி, அணித்தரம், ஐகன் மதிப்பு ஆகிய கருத்துகளே கண்.

"ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாமே" என்ற குரல் புதிதன்று. ஐதராபாத்தின் ஏ.எஸ்.ராவ் நகர் எவர் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த ஐயகாரி சாம்பசிவ ராவ் அக்குரலுக்குச் செயலால் விடை தந்தவர். 1967இல் தோன்றிய ஈ.சி.ஐ.எல். நிறுவனத்தைக் கட்டியெழுப்பியவர் அவர். டி.டி.சி.-12 கணினியை உள்நாட்டிலேயே உருவாக்கிய அந்நிறுவனம், பின்னாளில் சந்திரயான்-1க்காகப் பெங்களூருவை அடுத்த பயலாலுவில் 32 மீட்டர் அலைவாங்கியையும் அமைத்தது. விண்கலத்தின் இருப்பிடத்தை அலைவாங்கி திரும்ப வேண்டிய கோணமாக மாற்றுவதற்கு ஓர் ஆயத்தொகுப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல வேண்டும். அது மூன்றுக்கு மூன்று சுழற்சி அணி, தொடக்கநிலைப் பாடமேதான்.

அதே நகரின் மத்தியப் பல்கலைக்கழக வளாகத்தில் சி.ஆர்.ராவ் பெயரால் ஓர் ஆய்வு நிறுவனம் உள்ளது. அணிக்கோவை பூச்சியமானால் "நேர்மாறு இல்லை" என்று எழுதி நம் மாணவர் பேனாவை மூடுகிறார். ராவ் தொடங்கியது அங்கிருந்துதான். நேர்மாறு இல்லாத அணிக்கும் பயன்தரும் பொதுமை நேர்மாறு உண்டென்பதை விரித்து, சுஜித் குமார் மித்ராவுடன் 1971இல் நூலே எழுதினார்.

வகுப்பறையின் மீதும் குற்றமுண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் அணி என்பது மதிப்பெண் தரும் சமையல் குறிப்பு. அது வெளியை நீட்டும், சுழற்றும், நசுக்கும் செயல் என்று எவரும் சொல்வதில்லை. அதற்கு மருந்து பாடத்தைக் கைவிடுவதன்று, செம்மையாகக் கற்பிப்பதே.

ஆகவே துறைகள் ஒன்றைச் செய்யட்டும்: நேரியல் இயற்கணிதத்தில் ஒரு முழுப் பருவம் முடிக்காத எவரையும் இயந்திரக் கற்றல் வகுப்பில் அமர்த்த வேண்டாம். மாணவர்களும் ஒன்றைச் செய்யட்டும்: மென்பொருளைத் திறக்குமுன் ஒரு சமன்பாட்டுத் தொகுதியையேனும் காஸ் நீக்கல் முறையில் கையால் தீர்த்துப் பாருங்கள். விடையைச் சந்தேகிக்கத் தெரியாதவர் கருவியை ஆள்வதில்லை, கருவிக்கு ஏவலராகிறார்.