முகாரிக்கு மார்க் போடுகிறவர்கள்

மேஜர் என்றால் சந்தோஷம், மைனர் என்றால் சோகம். கீபோர்டு கிளாஸில் முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறார்கள். பத்து வயதுப் பையனுக்கு அது போதும். சினிமாப் பாட்டைப் பற்றி மூவாயிரம் வார்த்தை எழுதுகிற பெரியவர்களும் அந்த முதல் வாரத்திலேயே நிற்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

ஒரு உதாரணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடலாம். ஷோஸ்தகோவிச்சின் முதல் செல்லோ கான்செர்ட்டோ. 1959 அக்டோபர் 4 அன்று லெனின்கிராடில் ரோஸ்ட்ரோபோவிச் வாசிக்க, அரங்கேறியது. முதல் பகுதியின் தலையில் 'அலெக்ரெட்டோ' என்று போட்டிருக்கிறது. அதாவது ஓரளவு வேகம், ஓட வேண்டாம். ஸ்கேல் ஈ ஃப்ளாட் மேஜர். ஃபார்முலாப்படி குஷியான இசை. கேட்டுப் பாருங்கள். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிக்கிற ஒருத்தன் பக்கத்தில் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

ஏன் அப்படி? செல்லோ ஆரம்பத்திலேயே நான்கு ஸ்வரங்களைச் சொல்லி, பிறகு விடாமல் அதிலேயே தொங்குகிறது. ஜி, எஃப் ஃப்ளாட், சி ஃப்ளாட், பி ஃப்ளாட். முதலும் கடைசியும்தான் அந்த மேஜர் ஸ்கேலின் ஆட்கள். நடுவில் இருக்கும் இரண்டும் வெளியாட்கள். ஈ ஃப்ளாட்டை ஷட்ஜமாக வைத்து நம் கணக்கில் எழுதினால் அந்தர காந்தாரம், சுத்த ரிஷபம், சுத்த தைவதம், பஞ்சமம். க ரி த ப. நான்கும் மாயாமாளவகௌளையின் ஸ்வரங்கள்! சரளி வரிசை தாண்டிய எந்தக் குழந்தையும் பாடிவிடும். (உடனே ரஷ்யாக்காரருக்கு நம்ம ராகம் தெரியும் என்று வாட்ஸப்பில் கிளம்பிவிடாதீர்கள்.) நான் சொல்ல வருவது நேர் எதிரானது. அங்கே அது காலை நேரத்து சாதகம், இங்கே அது நக்கல். இங்கே கமகம் கிடையாது, இழைப்பு கிடையாது. வெட்டு வெட்டாக விழுகிறது. பித்தளை வாத்தியம் என்று இருப்பதே ஒரே ஒரு ஹார்ன்தான், அது இடையில் வந்து அதே நான்கு ஸ்வரத்தைத் திருப்பிச் சொல்கிறது. ஸ்கேலையும் டெம்போவையும் தெரிந்துகொண்டால் வீட்டு விலாசம் கிடைக்கும். உள்ளே கல்யாணமா கருமாதியா என்பதைப் போய்த்தான் பார்க்கவேண்டும்.

இரண்டாம் பகுதி மொடராட்டோ, ஏ மைனர். இதைப் போன மாதம் புதுச்சேரி ஒயிட் டவுனில் ஒரு காபி கடையில் கேட்டேன். 'அமைதியான மாலை' வகைப் பிளேலிஸ்ட் போலிருக்கிறது. மக்கள் குரோசான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசிக்கு மேல் அந்த இசை ஒரு உச்சத்துக்கு ஏறி உடையும். அந்த இடம் வந்ததும் கல்லாவில் இருந்த பெண் சவுண்டைக் குறைத்தார். அவர் காதில் கோளாறு இல்லை. லேபிள் ஒட்டியவர் காதில்தான்.

லேபிள் எப்படி ஒட்டப்படுகிறது என்பது என் தொழில் பக்கத்து விஷயம் என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு பாட்டுக்கும் சில எண்களை வெளியே கொடுத்துக்கொண்டிருந்தது. 2024 நவம்பரில் புதிய ஆப்களுக்கு அதை மூடிவிட்டார்கள். டெம்போ, நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று. இரண்டாம் காலத்தை முதல் காலமாக எண்ணி, பாதியாகவோ இரட்டிப்பாகவோ சொல்வது இந்த மாதிரிக் கணிப்புகளின் பழைய வியாதி. ஸ்கேல், 0 முதல் 11 வரை. தெரியாவிட்டால் மைனஸ் 1. மேஜர் என்றால் 1, மைனர் என்றால் 0. அப்புறம் 'வேலன்ஸ்'. இசை எவ்வளவு பாசிட்டிவ் என்று 0 முதல் 1 வரை ஒரு தசம எண். கவனியுங்கள், ஸ்கேல் தெரியலன்னா தெரியலன்னு சொல்ல ஒரு மைனஸ் 1 இருக்கிறது. மூட் தெரியலன்னா? அதற்கு இடமே வைக்கவில்லை.

இசை எவ்வளவு பாசிட்டிவ் என்ற இந்தக் கேள்வியை ஷோஸ்தகோவிச்சிடம் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். 1948இல் சோவியத் கட்சி அவர் இசையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. மாஸ்கோ, லெனின்கிராடு இரண்டு கன்சர்வேட்டரியிலும் அவருக்கு வேலை போயிற்று. மக்களுக்கு நம்பிக்கை தரும் இசை வேண்டும் என்பது அதிகாரிகளின் கோரிக்கை. பதினோரு வருடம் கழித்து இந்தக் கான்செர்ட்டோவின் கடைசிப் பகுதியில் ஸ்டாலினுக்குப் பிடித்த 'சுலிகோ' பாட்டைத் துண்டு துண்டாக நறுக்கி ஒளித்து வைத்தார். வாசித்த ரோஸ்ட்ரோபோவிச்சுக்கே அவர் சொல்லித்தான் தெரிந்தது. இந்த இசைக்கு ஒரு சந்தோஷ மார்க் போடுகிறவன், தெரிந்தோ தெரியாமலோ, அந்த அதிகாரியின் நாற்காலியில்தான் உட்கார்கிறான்.

"அப்படின்னா இலக்கணமே வேண்டாம், உணர்ந்தால் போதும்" என்பவர்கள் கை தட்டவேண்டாம். உங்களோடும் எனக்குச் சண்டை இருக்கிறது. இதே ஊரில் பத்து வருடம் இருந்த பாரதியைத் துணைக்குக் கூப்பிடுவீர்கள். வித்வான்களின் பாட்டில் ரசம் இல்லை என்று அவர் திட்டியது உண்மைதான். ஆனால் அவர் சங்கீதத்தைக் கவனமாகக் கேட்டுவிட்டுத் திட்டியவர். அவருக்குத் தெரிந்த ரசம் ஒன்பது, 0.3 இல்லை. முகாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்நேரமும் புலம்புகிறவனை முகாரி பாடுகிறான் என்கிறோம். தியாகராஜர் சபரியின் பாக்கியத்தை வியந்து பாடிய 'எந்தநினே' முகாரிதான். அதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது? அது அங்கே எப்படி வியப்பாக மாறுகிறது என்று கேட்டால், ராகத்தின் எந்தப் பிடி, எந்தக் காலப்பிரமாணம் என்று பேசித்தான் ஆகவேண்டும். 'மெய்சிலிர்த்தது' பதில் ஆகாது.

2025 மார்ச் 8 அன்று லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. தமிழில் நான் படித்த கட்டுரைகளில் பெருமை இருந்தது, கண்ணீர் இருந்தது, பண்ணைப்புரம் இருந்தது. எந்த ஸ்கேலில் தொடங்குகிறது, எந்த இடத்தில் வேகம் மாறுகிறது, மாறும்போது என்ன ஆகிறது என்று ஒருவராவது எழுதினால் படிக்க நான் தயார். இன்னும் யாரும் கண்ணில் படவில்லை.