பொருந்துவதும் மெய்யும்

நரம்புக்கு மின்கம்பியை உவமை சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. உவமை பொருந்துகிறது; ஆனால் மெய்யல்ல. நரம்பில் நிகழ்வது கதவுகள் திறந்து மூடும் காரியம். செல்சவ்வில் பதிந்திருக்கும் அயனிக் கால்வாய்கள் திறக்க, சோடியம் உள்ளே பாய்கிறது. அவை அடைபட, வேறு கால்வாய்கள் வழியே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை மீள்கிறது. ஒரு கதவு திறந்ததால் எழும் மின்னழுத்த மாற்றமே அடுத்ததைத் திறக்கிறது. கை தசை சுருங்குவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

1952இல் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இதைக் கணிதமாக்கியபோது அக்கதவுகளை எவரும் கண்டதில்லை. கணவாயின் தடித்த நரம்பிழையில் மின்னோட்டத்தை அளந்தார்கள். கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியில் ஹக்ஸ்லி பல நாட்கள் கணக்கிட்டார். பொட்டாசியத்துக்கு வழிவிட நான்கு துகள்கள் ஒருசேர இடம்மாற வேண்டும் என்று கொண்டால் அளவுகள் நன்கு பொருந்தின. 1998இல் மெக்கின்னன் குழுவினர் பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஒரே மாதிரியான நான்கு புரத அலகுகள் ஒரு துளையைச் சூழ்ந்து நின்றன.

இதைவிட என்னை வியக்கவைப்பது வேறொன்று. சமன்பாடுகள் பொருந்துவது தாங்கள் கருதிய இயக்கமுறைக்குச் சான்றாகாது என்று 1952ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே அவர்கள் எழுதிவைத்தார்கள். நாமோ, ஒரு வாசிப்பு கவிதைக்குப் பொருந்திவிட்டால் அதுவே கவிதையின் பொருள் என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். கற்பனை நம்மிடம் போதிய அளவு இருக்கிறது. தன் கற்பனையையே ஐயுறும் அந்த நேர்மைதான் நம் விமர்சனத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை.